ஒரு சாரத்துக்கு இரண்டு விலை

கேள்வி: வாப்பாவின் கைத்தறிச் சாரங்களை விற்க எங்களிடம் இரண்டு வெப்சைட் இருக்கிறது. முதலாவதைக் காக்கா 2016இல் டொட் கொம்மில் தொடங்கினார். அவர் கட்டாருக்குப் போனபிறகு பாஸ்வேர்ட் கேட்டு அலைய முடியாமல் 2021இல் நான் டொட் எல்கேயில் புதிதாக ஒன்று செய்தேன். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான். மருதமுனையில் வரும் 'த'வுக்கு ஆங்கிலத்தில் காக்கா போட்டது டீச்சருக்கு வரும் டி, நான் போட்டது டொக்டருக்கு வரும் டி. படங்களும் எழுத்தும் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்தவை. கூகுளில் ஒரு நாள் அது வருகிறது, ஒரு நாள் இது வருகிறது. முதல் பக்கத்துக்கு எதுவும் வருவதில்லை. இரண்டு வலை போட்டால் மீன் கூடும் என்கிறார் ஒரு நண்பர். கூகுள் தண்டிக்கும் என்கிறார் இன்னொருவர். இப்போது லண்டனுக்கும் துபாய்க்கும்கூட பார்சல் போகிறது. ஒன்றை மூடலாம் என்றால், தன்னுடையதைத் தொடவே கூடாது என்கிறார் காக்கா. என்ன செய்யலாம் சேர்?
— வாசகர், மருதமுனை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த இரவு இரண்டு தளத்தையும் கைபேசியில் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தேன். கூகுளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சாரம் வாங்க வந்தவனாகப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட அதே சாரம், அதே படம், படத்தின் ஓரத்தில் தெரியும் தறிக்கட்டைகூட அதேதான். காக்காவின் தளத்தில் விலை 1,150 ரூபா. உங்களுடையதில் 2,400 ரூபா. 2022இல் ரூபா விழுந்து நூல் விலை ஏறிய கதை உங்களுக்கும் எனக்கும் தெரியும். கொழும்பில் உட்கார்ந்து தேடுகிறவர் அதையெல்லாம் யோசிக்க மாட்டார். ஒரே ஆட்கள் இரண்டு பெயரில் இரண்டு விலை வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டு மூடிவிடுவார். காக்காவின் தளத்தில் இருந்த 067 இலக்கத்துக்கு எடுத்தேன், மணியே அடிக்கவில்லை. கூகுள் உங்களைத் தண்டிக்கிறதோ இல்லையோ, வாடிக்கையாளர் ஏற்கெனவே தண்டித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி கூகுளுக்கு வருவோம். ஒரே விஷயம் இரண்டு முகவரியில் இருந்தால் உடனே தண்டனை என்று ஒன்றும் கிடையாது, பலர் சும்மா பயமுறுத்துகிறார்கள். நடப்பது வேறு. ஒரே மாதிரியான பக்கங்களைக் கூகுள் ஒரு கட்டாகக் கட்டி, அதில் ஒன்றை மூலம் என்று எடுத்துக்கொண்டு, மற்றதைப் பெரும்பாலும் காட்டாமல் விடுகிறது. உங்கள் இரண்டு தளமும் பாதிப் பக்கம் ஒன்று, பாதிப் பக்கம் கொஞ்சம் வேறு. அதனால் சாரத்துக்கு ஒன்றும் சேலைக்கு மற்றதுமாக மாறி மாறி எடுக்கிறது. நீங்கள் காணும் 'ஒரு நாள் அது, ஒரு நாள் இது' அதுதான். அதோடு, வெளியில் இருந்து உங்களுக்குக் கிடைத்த மதிப்பும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் தேடிப் பார்த்த அளவில், நெசவு பற்றி மாணவர்கள் எழுதிய ஒரு பக்கமும் ஒரு பயணக் கட்டுரையும் காக்காவின் தளத்துக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன. கொழும்புத் துணிக்கடை ஒன்று உங்களுடையதுக்குக் கொடுத்திருக்கிறது. மூன்றும் ஒரு முகவரிக்குச் சேர்ந்திருக்க வேண்டியவை.

அந்த இரண்டு வலைக் கதை. கல்லடிப் பாலத்தடியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எறிந்தால் வலையோடு வலைதான் சிக்கும். ஆனால் உங்கள் நண்பர் சும்மா சொல்லவில்லை. ஒரு தேடலின் மேல்வரிசையில் ஒரே தளத்தில் இருந்து பொதுவாக இரண்டுக்கு மேல் காட்டமாட்டோம் என்று 2019 ஜூனில் கூகுள் சொன்னது. அப்போதிருந்தே, அப்படியானால் இரண்டு தளம் வைத்து நாலு இடம் பிடிப்போம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு தளத்திலும் தனித்தனி உழைப்பு, தனித்தனி எழுத்து, தனித்தனிப் படம் வேண்டும். ஒன்றுக்கே விலை மாற்ற நேரமில்லாத வீட்டில் அது நடக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயரையும் முகப்பையும் சற்று மாற்றி வரிசையாகத் தளங்கள் போட்டு ஆட்களை ஒரே இடத்துக்குத் தள்ளினால், அதைக் கூகுள் தன் விதிகளில் குப்பை வேலை என்றே எழுதி வைத்திருக்கிறது. இரண்டோடு நிற்கும் உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். மூன்றாவது வாங்கும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு இல்லை. யுத்தம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் முளைத்த காலத்தில், மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு நெட் கபே வைத்திருந்தேன். பாசிக்குடாவில் அறை வாடகைக்கு விடும் அக்கா ஒருவர் தளம் செய்து தரச் சொல்லிக் கேட்டார். பாசிக்குடாவை வெள்ளைக்காரர் எழுதும் விதம் தெரியும்தானே? ஒரு எஸ், இரண்டு எஸ், கடைசியில் எச் வைத்து, எச் இல்லாமல், நடுவில் ஐக்குப் பதில் ஈ. நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்து மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று டொமைன், அதாவது தள முகவரிப் பெயர், வாங்கி, மூன்றிலும் ஒரே அறைப் படத்தைப் போட்டேன். பெயரிலேயே ஊர் இருந்தால் போதும், மேலே வந்துவிடும் என்று அப்போது எல்லாரும் நம்பினோம். கொஞ்சக் காலம் வந்ததும் உண்மை. மறுகா 2012 செப்டெம்பரில், தேடும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு உள்ளே சரக்கில்லாத தளங்களைக் கீழே இறக்குகிறோம் என்று கூகுள் அறிவித்தது. எங்கள் மூன்றிலும் இருந்த சரக்கு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி இலக்கம்.

சரி, ஒன்றாக்குவோம் என்று இறங்கி, அதிலும் இரண்டு பிழை விட்டேன். முதலாவது, மூடும் தளங்களின் எல்லாப் பக்கத்தையும் புதிய தளத்தின் முகப்புக்கே திருப்பிவிட்டேன். அறை வாடகை தேடி வந்தவரும் படகுச் சவாரி தேடி வந்தவரும் முகப்பில் வந்து முழித்தார்கள். கூகுளும் அப்படிப்பட்ட திருப்பத்தை, பக்கம் காணாமல் போனதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது பிழைக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். வருடக் கட்டணம் மிச்சம் என்று இரண்டு எஸ் உள்ள டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டேன். டொட் கொம் காலாவதியானால் உடனே போகாது. கொஞ்ச நாள் சலுகை, பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குப் பிறகு 5 நாள், அப்புறம் யாரும் வாங்கலாம். யாரோ வாங்கினார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் அக்கா போன் எடுத்தார்: "தம்பி, நம்மட வெப்சைட்டுக்குள்ள சூதாட்டம் ஓடுது. கோயில்ல போதகர் கேக்கிறார், என்ன புள்ள புதுத் தொழிலா எண்டு." அவருடைய பழைய விசிட்டிங் கார்ட் ஐந்நூறில் இருந்தது அந்த முகவரி. கார்டைத் திரும்ப வாங்க முடியுமா?

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு பெயரையும் வைத்திருங்கள், இரண்டுக்கும் வருடக் காசு கட்டுங்கள், தளம் ஒன்று மட்டும் இருக்கட்டும். எது? காக்காவின் டொட் கொம். கூடுதல் வயது, கூடுதல் லிங்க், அதோடு லண்டன், துபாய் பார்சல். டொட் எல்கே முகவரியைக் கூகுள் இலங்கைக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும். உள்ளூரில் மட்டும் விற்பவருக்கு அது நல்லது, அப்படியிருந்தால் உங்களுடையதையே வைக்கச் சொல்லியிருப்பேன். காக்காவின் மனதும் நோகாது: பெயர் அவருடையது, உள்ளே இருக்கப் போவது உங்கள் புதிய விலையும் உங்கள் போன் இலக்கமும். ஆனால் ஒரு நிபந்தனை. டொமைன் கணக்கு கட்டாரில் இருக்கும் ஒருவருடைய சொந்த ஈமெயிலில் இருப்பது ஆபத்து. தொழிலுக்கென்று ஒரு ஈமெயில் திறந்து, இரண்டு டொமைனையும் அதற்கு மாற்றுங்கள். இதை வட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் கதைப்பது போல ஒரு கோல் எடுத்துக் கதையுங்கள். நோன்புப் பெருநாளைக்கு அவர் வரும்போது என்றால் இன்னும் நல்லது.

பிறகு வேலை. உங்கள் டொட் எல்கேயில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் டொட் கொம்மில் சோடிப் பக்கம் ஒன்று இருக்க வேண்டும். சாரம் சாரத்துக்கு, சேலை சேலைக்கு. ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறி எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொன்றையும் 301 என்ற இலக்கத்தோடு திருப்பிவிடச் சொல்லுங்கள். 301 என்றால் நிரந்தரமாக வீடு மாறியாயிற்று என்று அர்த்தம், 302 என்றால் தற்காலிகம். செய்து தருகிறவர் அவசரத்தில் 302 போட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும், கேட்டு உறுதிப்படுத்துங்கள். டொமைன் விற்கும் சில இடங்களில் 'மாஸ்கிங்' என்று ஒரு தெரிவு இருக்கும். பழைய முகவரி மேலே தெரிய, உள்ளே புதிய தளத்தைச் சட்டம் போட்டுக் காட்டும் வித்தை அது. அந்தப் பக்கமே போகாதீர்கள். எல்லாம் திரும்புகிறதா என்று பார்த்தபின், இரண்டு தளத்தையும் ஒரே கூகுள் கணக்கில், தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோலில் பதிந்து, அங்கே உள்ள முகவரி மாற்றக் கருவியில் அறிவியுங்கள். திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நான் சொல்வது, டொமைன் உங்கள் கையில் இருக்கும் வரை.

முதல் சில வாரம் ஏறி இறங்கும். பயந்து திருப்பிப் போடாதீர்கள், பாதியில் திருப்பிப் போட்டவர்கள்தான் என்னிடம் கூடுதலாக வருகிறார்கள். திருப்பம் போட முடியாத இடத்துக்கென்று, 'மூலப் பக்கம் அதுதான்' என்று கூகுளுக்குச் சொல்லும் கனோனிக்கல் என்ற குறி ஒன்றும் இருக்கிறது. 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. ஆனால் அது கூகுளுக்கு ஒரு யோசனை மட்டுமே, கேட்டாலும் கேட்கும், விட்டாலும் விடும். உங்களுக்கு அது தேவைப்படாது.

டீச்சர் டியா டொக்டர் டியா என்ற கவலையை விடுங்கள். எப்படி எழுதித் தேடினாலும் மருதமுனை என்று கூகுளுக்கு இப்போது விளங்குகிறது. தளத்தின் எழுத்தில் இரண்டு கூட்டலும் ஓரிரு இடத்தில் இயல்பாக வந்தால் போதும், தமிழில் 'மருதமுனை' என்றும் கட்டாயம் எழுதுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைக்கு இரண்டு குறி தெரிகிறது, அதையும் ஒன்றாக்கி ஒரே இலக்கம், ஒரே முகவரி கொடுங்கள். கடைசியாக, தளத்தில் 'தரமான கைத்தறி ஆடைகள்' என்று நாலு வரி இருக்கிறது. அது ஆயிரம் தளத்தில் இருக்கிறது. வாப்பா பாவு ஓட்டுவதைப் படம் பிடித்து, ஒரு சாரம் நெய்ய எவ்வளவு நேரம் போகிறது, சாயம் போகாமல் எப்படிக் கழுவுவது என்று அவர் வாயால் சொல்வதை எழுதிப் போடுங்கள். அதை வேறு யாராலும் எழுத முடியாது.

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். என் தளத்தின் பெயரோடு 'ஒன்லைன்' என்று சேர்த்து இன்னொருவர் டொட் கொம் வாங்கி, என் கேக் படங்களையே போட்டிருக்கிறார். என் பெயரைத் தேடினால் அவரும் வருகிறார். வழக்குப் போடலாமா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, பெயரையும் படத்தையும் பிரித்துப் பாருங்கள். படம் நீங்கள் எடுத்தது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பதிப்புரிமை மீறல் என்று கூகுளுக்கும், அவருடைய தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் முறைப்பாடு அனுப்பலாம், காசு செலவில்லை. மூலப் படங்கள் போனில் இருக்கும், அழித்துவிடாதீர்கள்.

பெயர்தான் கஷ்டம். டொட் கொம் பெயர்த் தகராறுகளுக்கு 1999 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் உங்களுக்கு வணிகக்குறி உரிமை இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஒரு நடுவரோடு விசாரிக்கவே 1,500 அமெரிக்க டொலர் கட்டணம். எத்தனை கேக் விற்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெயரில் உங்களுக்கு எதிர்காலம் இருப்பதாக நினைத்தால், கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வணிகக்குறியைப் பதிவு செய்யுங்கள். அதற்கு முதல், தெரிந்த ஒருவரை வைத்து அந்த ஆளோடு கதைத்துப் பாருங்கள். களுவாஞ்சிகுடியில் இரண்டு கேக்காரர்களுக்கு நடுவில் பொதுவான சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: அறுகம்குடாவில் தங்குமிடம் நடத்துகிறோம். ஆங்கிலத்துக்கு ஒரு டொமைன், தமிழுக்கு ஒரு டொமைன். ஒரே விஷயம் இரண்டு தடவை என்று கூகுள் எடுக்குமா?
— வாசகர், பொத்துவில்

பதில்: எடுக்காது. மொழி வேறு என்றால் பக்கம் வேறு. இருந்தாலும் ஒரே டொமைனுக்குள் தமிழுக்கு ஒரு பகுதி, ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி என்று வைப்பது பராமரிக்க லேசு. இந்தப் பக்கத்தின் தமிழ்ச் சோடி அது என்று காட்டும் குறியை இரண்டு பக்கத்திலும் போட வேண்டும், ஒரு பக்கத்தில் மட்டும் போட்டால் கணக்கில் எடுக்காது. உங்கள் தமிழ்ப் பக்கத்தையும் பார்த்தேன். 'அலைகளை உலாவ வாருங்கள்' என்று இருக்கிறது. இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒரு தடவையாவது வாசித்துவிட்டுப் போடுங்கள் தம்பி.

கேள்வி: என் தளத்தை நான் தேடினால் முதலாவதாக வருகிறது. அக்காவின் போனில் தேடினால் காணவே இல்லை. எது உண்மை?
— வாசகி, ஏறாவூர்

பதில்: அக்காவின் போன். நீங்கள் தினமும் போய்ப் பார்க்கும் தளம் என்று உங்கள் போனுக்குத் தெரியும், நீங்கள் இருக்கும் இடமும் தெரியும். சேர்ச் கொன்சோலில் சராசரி நிலை என்று ஒரு எண் இருக்கும், அதை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

கேள்வி: டொட் இலங்கை என்று தமிழிலேயே முகவரி வாங்கலாமாமே? ஏற்கெனவே உள்ள டொட் எல்கேயோடு அதையும் வாங்கினால் தமிழில் தேடும்போது முன்னுக்கு வருமா?
— வாசகர், ஆரையம்பதி

பதில்: வாங்கலாம், 2010 முதல் இருக்கிறது. முன்னுக்கு வராது. தமிழில் தேடுகிறவருக்குத் தமிழில் எழுதிய பக்கம்தான் வரும், முகவரி எந்த எழுத்தில் இருந்தாலும் சரி. வாங்கினால் மேலே மருதமுனைத் தம்பிக்குச் சொன்னதுபோல 301 போட்டு உங்கள் பிரதான தளத்துக்குத் திருப்பிவிடுங்கள், இரண்டாவது தளம் கட்டாதீர்கள். ஒரு சங்கடம்: தமிழ் எழுத்தை இணையம் உள்ளே எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் நீண்ட ஆங்கிலச் சரமாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். சில இடங்களில் பிரதி எடுத்து ஒட்டினால் அந்தச் சரம்தான் வரும், பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். கடைப் பலகையில் எழுதினால் அழகாக இருக்கும் என்பதற்காக வாங்குவது என்றால் தாராளமாக வாங்குங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அந்த முகவரியைத் தட்டி வருகிறவர் மாதத்தில் ஒருவர், அநேகமாக அது நான்தான்.